ஊட்டியில் 28 டிகிரியா, 32 டிகிரியா? புல்வெட்டி எஞ்சினும் தீப்பொறி நேரமும்

தொட்டபெட்டா_43சிசி
புல்வெட்டி எஞ்சினை மாதிரி விமானத்துக்கு மாற்றுகிறவர்கள் கடற்கரையில் இருந்தாலும் மலையில் இருந்தாலும், பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் தண்டு இன்னும் 28 டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போது தீப்பொறி விழும்படி வைத்தால் போதும் என்று மேட்டுப்பாளையத்து நண்பர் நேற்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். அவர் ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். உதகை 2,240 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அடர்த்தி குறைந்த கலவை மெதுவாக எரியும். மெதுவாக எரிவதை முன்கூட்டியே பற்றவைக்க வேண்டும். ஆகவே உதகையில் 32. கல்லாறு தாண்டினால் ரயிலே பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது என்பதைக் கீழே இருப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

பவானிக்கரை_நீடில்
தீர்ப்பு எழுதியவன் நான்தான். ஐயா சொல்லும் மலைக்காற்று கார்புரேட்டர் வழியாகத்தான் உள்ளே போகிறது என்பதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை. கீழே சரியாக வைத்த எஞ்சினை மேலே கொண்டுபோனால் காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சும். புகை கக்கும், வேகம் ஏறாது. அதற்கு, அதிவேகத்தில் போகும் பெட்ரோலின் அளவை வைக்கும் எச் திருகைச் சிறிது உள்ளே திருக வேண்டும். அதைச் செய்யாமல், காந்தம் பதித்த ஃப்ளைவீல் சக்கரத்தைத் தண்டில் சரியான இடத்தில் உட்காரவைக்கும் கீ என்ற சிறு ஆப்பை அரத்தால் ராவி, தீப்பொறியை முன்னே தள்ளி, வேகம் கொஞ்சம் ஏறியதும் அதை மலையின் விதி என்று அறிவித்துவிட்டார். 28 போதும்.

கோத்தகிரி_சென்சார்
இருவரும் எந்த 28ஐ, எந்த 32ஐப் பேசுகிறீர்கள் என்று முதலில் சொல்ல முடியுமா? ஒருவரிடம் இருப்பது, ஃப்ளைவீலின் காந்தத்தாலேயே தீப்பொறி உண்டாக்கும் பழைய மேக்னட்டோ. ஃப்ளைவீல் எங்கே நிற்கிறதோ அங்கேதான் தீப்பொறி. என்னுடையது போன்ற சிடிஐ என்ற மின்னணுத் தீப்பொறிப் பெட்டியில், காந்தம் கடப்பதை உணரும் ஹால் சென்சாரை எங்கே பொருத்தினாலும், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பெட்டி தானே தீப்பொறியைத் தாமதப்படுத்தும். வேகம் ஏறிய பிறகுதான் முழு அட்வான்ஸ், அதாவது தீப்பொறியின் முழு முன்தள்ளல், கிடைக்கும். நிறுத்திவைத்து அளந்த டிகிரியும் ஓடும்போது விழும் டிகிரியும் ஒன்றல்ல.

தொட்டபெட்டா_43சிசி
எந்த டிகிரியாக இருந்தாலும் உதகையில் 32தான். நான் கண்மதிப்பில் வைப்பவன் அல்லன். என் எஞ்சினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 34 மில்லிமீட்டர். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு மையத்துக்கு மையம் 60. இந்தக் கணக்கில் 28 டிகிரி என்றால் பிஸ்டன் உச்சிக்குக் கீழே சுமார் 2.5 மில்லிமீட்டரில் நிற்கும். 32 என்றால் ஏறக்குறைய 3.3. பிளக் துளையில், நகர்ந்த தூரத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜை விட்டு 3.3க்குப் பிஸ்டனைக் கொண்டுவந்து, ஃப்ளைவீல் காந்தத்தின் விளிம்பு தீப்பொறிக் காயிலைக் கடக்கும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுத்தான் கீயை ராவினேன். ஆர்எக்ஸ் 100 வண்டிகளுக்கு டைமிங் வைத்துப் பழகிய கை இது. எச் திருகைப் பற்றி இதற்குப் பாடம் வேண்டாம்.

கோத்தகிரி_சென்சார்
பெரும்பாலான புல்வெட்டிகளில் பிளக் துளை சாய்வாக இருக்கும். சாய்ந்த துளையில் டயல் கேஜ் காட்டும் மில்லிமீட்டர், பிஸ்டன் நகர்ந்த மில்லிமீட்டர் ஆகாது. பிளக் இடத்தில் ஒரு தடுப்புப் போல்ட்டை முறுக்கி, இரண்டு பக்கமும் பிஸ்டன் முட்டும் வரை கையால் சுற்றி, கிராங்க் தண்டில் மாட்டிய டிகிரி தட்டில் அந்த இரண்டு இடங்களுக்கும் நடுப்புள்ளியைக் குறித்தால்தான் உச்சி சரியாகக் கிடைக்கும். உங்கள் துளை நேராக இருக்கிறதா, சாய்வாக இருக்கிறதா?

தொட்டபெட்டா_43சிசி
துளை எப்படி இருந்தால் என்ன, சுற்று வேகம் காட்டும் டேக்கோமீட்டர் பொய் சொல்லாது. 32 வைத்த பிறகு என் எஞ்சின் முன்பைவிட அதிக வேகம் சுற்றுகிறது. முடிந்தது விஷயம்.

பவானிக்கரை_நீடில்
முடியவில்லை. 28இல் நீங்கள் ஓட்டியது கீழே, காரமடையில், நான் பக்கத்தில் நிற்கும்போது. 32இல் ஓட்டியது மேலே. காற்று மெலிந்தால் எஞ்சினின் பலம் குறைவதைப் போலவே புரொப்பெல்லர் அறுக்க வேண்டிய காற்றும் குறைகிறது, அதாவது பாரமும் குறைகிறது. ஆகவே வேகம் ஏறியது 32ஆலா, பாரம் குறைந்ததாலா, இடையில் புரொப்பெல்லரை மாற்றினீர்களே, அதனாலா? ஒரே இடத்தில், ஒரே புரொப்பெல்லரில், எச் திருகைச் சரிசெய்துவிட்டு, இரண்டையும் ஓட்டிக் காட்டுங்கள். அதுவரை 28.

வெலிங்டன்_பழைய_இரும்பு
இந்த 32ஐப் பற்றி எனக்கும் சொல்ல இருக்கிறது. கீ ராவிய ஓர் எஞ்சினை "தொட்ட உடனே ஸ்டார்ட் ஆகும்" என்று சொல்லி தொட்டபெட்டா அண்ணன் என்னிடம் விற்றார். மேக்னட்டோவில் தாமதப்படுத்த ஏதும் கிடையாது. கையால் மெதுவாகச் சுற்றும்போதும் அதே 32இல் தீப்பொறி விழுகிறது, பிஸ்டன் உச்சியைத் தாண்டாமல் திரும்பி வருகிறது, புரொப்பெல்லர் எதிர்ப்பக்கம் அடிக்கிறது. என் ஆள்காட்டி விரலின் நகம் போனதுதான் மிச்சம்.

தொட்டபெட்டா_43சிசி
தோல் கையுறை இல்லாமல், குச்சியும் இல்லாமல் புரொப்பெல்லரைத் தட்டுகிறவருக்கு 20 டிகிரி வைத்தாலும் நகம் போகும். விற்றபோது கீ ராவியது என்று சொல்லித்தான் விற்றேன்.

வெலிங்டன்_பழைய_இரும்பு
சொல்லவில்லை. ஃப்ளைவீலைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் கீ பாதி தேய்ந்திருப்பது தெரிந்தது. அப்படி ராவிய கீ ஃப்ளைவீலின் இடத்தைக் காட்டத்தான் உதவும், பிடித்து நிறுத்தாது. ஃப்ளைவீல் உட்காரும் தண்டின் கூம்பு முனை சுத்தமாக இல்லாவிட்டாலோ நட்டு தளர்ந்தாலோ ஃப்ளைவீல் நழுவி 32, 40 ஆகிவிடும்.

தொட்டபெட்டா_43சிசி
நட்டை முறுக்கத் தெரியாததற்கும் நான்தான் பொறுப்பா? 6,000 சுற்றில் 28 டிகிரியைக் கடக்க எஞ்சினுக்கு 0.78 மில்லி விநாடிதான் கிடைக்கிறது. அதற்குள் இந்த மெலிந்த காற்றில் கலவை எரிந்து முடியுமா என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. நகத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

பவானிக்கரை_நீடில்
அப்படி ஒரு கேள்வியை நீங்கள் இதற்கு முன் கேட்கவே இல்லை. மேலே போய்ப் படித்துப் பாருங்கள். நாங்கள் கேட்டவைதான் பதிலில்லாமல் கிடக்கின்றன.

கோத்தகிரி_சென்சார்
துளை சாய்வா, நேரா?

தொட்டபெட்டா_43சிசி
கோத்தகிரிக்காரர் உதகைக்கு வந்து பார்த்துக்கொள்ளட்டும். வரும்போது சென்ற ஆண்டு என்னிடம் இரவல் வாங்கிய, ஃப்ளைவீலைக் கழற்றும் புல்லரையும் கொண்டுவரட்டும்.

கோத்தகிரி_சென்சார்
அந்தப் புல்லரை வெலிங்டன் அண்ணனிடம் கொடுத்து மாதக்கணக்காகிறது. உங்கள் கீயைக் கழற்றிப் பார்க்கத்தான் அவர் வாங்கினார்.