பி.எஸ்சி. கணிதம்: அனாலிசிஸ், அல்ஜீப்ராவுக்கு எப்படித் தயாராவது?

தக்கலை மாணவி:
நாகர்கோவில்ல பி.எஸ்சி. கணிதம் சேர்ந்திருக்கேன். கால்குலஸ் பரவாயில்ல. ரியல் அனாலிசிஸும் அல்ஜீப்ராவும்தான் கஷ்டம்னு சீனியருங்க சொல்றாங்க. ஐஐடியில எம்.எஸ்சி. சேர ஜாம் நுழைவுத் தேர்வும் எழுதணும். எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

மார்த்தாண்டம் கணித ஆசிரியர்:
மக்ளே, அனாலிசிஸ்ல நிரூபணம்தான் விடை. வரையறையைப் பார்க்காம எழுதிப் பழகு. நிறைய பேர் தடுமாறுறது தொடர்ச்சிக்கும் சீரான தொடர்ச்சிக்கும் நடுவுலதான். முதலாவதுல டெல்டா (சார்பின் மதிப்பு அதிகம் மாறாம இருக்க எக்ஸ் எவ்வளவு நெருங்கி இருக்கணும்ங்கிற தூரம்) புள்ளிக்குப் புள்ளி மாறலாம். ரெண்டாவதுல எல்லாப் புள்ளிக்கும் ஒரே டெல்டா போதணும். (0,1) இடைவெளியில 1/எக்ஸ் தொடர்ச்சியானது, ஆனா சீரானதில்ல. 'என்'ங்கிற முழு எண் பெருசாக ஆக 1/என், 1/(என்+1)ங்கிற ரெண்டு புள்ளியும் நெருங்கிட்டே போகும். சார்பின் மதிப்புகளுக்கு நடுவுல வித்தியாசம் எப்பவும் 1. இந்த ஒரு உதாரணத்தை முழுசா எழுதிப் பாரு, பாதி பயம் போயிரும்.

குழித்துறை எம்.எஸ்சி.:
அல்ஜீப்ராவுல லக்ராஞ்சி தேற்றத்தைத் தலைகீழா பயன்படுத்தி மார்க்கை விட்டுராதீங்க. உட்குலத்தின் (சப்குரூப்) வரிசை, அதாவது உறுப்புகளின் எண்ணிக்கை, குலத்தின் (குரூப்) வரிசையை வகுக்கும். வகுக்கிற எண்ணுக்கெல்லாம் உட்குலம் இருக்கணும்னு இல்ல. ஏ4 குலத்தின் (4 பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் சேர்ந்தது) வரிசை 12, ஆனா 6 வரிசையில உட்குலம் கிடையாது.

மார்த்தாண்டம் கணித ஆசிரியர்:
ஜாம் 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். ஒரே விடை கேள்விக்கு மட்டும்தான் தப்பானா மைனஸ். பல விடை கேள்வியில ஒண்ணு விட்டாலும் பூஜ்யம். லீனியர் அல்ஜீப்ராவை முதல்லயே முடிச்சிரு.