கோ ஆட்டத் தேடல்: 'ரோல்அவுட்'டுக்குச் சொல் வேண்டும்

வணக்கம். கோ என்ற பலகை ஆட்டத்தில் நகர்வுகளைக் கிளைகளாக விரித்து, பலமுறை ஆடிப் பார்த்துச் சிறந்ததைத் தேடும் மான்டி கார்லோ மரத்தேடல் பற்றிய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதன் முதல் இரு படிகளுக்கு 'தேர்வு', 'கிளைவிரிப்பு' என்ற சொற்கள் முடிவாகிவிட்டன. மூன்றாம் படியில் சொல் இல்லை. புதிய கிளையிலிருந்து இரு தரப்புக்கும் கணினியே காய் வைத்து ஆட்டத்தை முடித்து, வெற்றியா தோல்வியா என்பதை மட்டும் குறித்துக்கொண்டு காய்களைக் கலைத்துவிடுகிறதே, அந்த ஓர் ஓட்டத்துக்கு என்ன பெயர்? வரைவில் 'உருட்டல்' என்றிருக்கிறது.
– க.

> உருட்டல்

வேண்டாம் ஐயா. மாணவர் காதில் இன்று 'உருட்டு' என்றால் புளுகு. 'ரோல்அவுட்' என்ற ஆங்கிலச் சொல் பேக்கமன் ஆட்டத்திலிருந்து வந்தது. அங்கே பகடை உண்டு. கோ ஆட்டத்தில் பகடையே கிடையாது. 'ரேண்டம்' என்பதற்கு இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் 'எழுமாறு' இருக்கிறதே, 'எழுமாற்றாட்டம்' எனலாம்.
– ந.

எழுமாற்றாட்டம் பொருந்தாது. 2006இல் வந்த மோகோ என்ற கோ நிரல் இந்தப் படியிலேயே கண்டபடி வைக்காமல் 3×3 கட்ட வடிவங்களைப் பார்த்துக் காய் வைத்தது. என் பரிந்துரை 'வெள்ளோட்டம்'. உற்சவரை ஏற்றாமல் தேரை இழுத்துப் பார்க்கிறோம். இங்கும் உண்மைப் பலகை அசைவதில்லை. வெள் என்பது வெறுமை.
– மா.

> வெள் என்பது வெறுமை

குறள் 844இல் வெண்மை அறிவின்மை. அப்படிக் கொண்டால் அறிவின்றி ஆடும் ஓட்டம் என்றாகிறது. மோகோவைக் காட்டி நீங்கள் மறுத்ததும் அதையேதான். தவிர, வெள்ளோட்டம் தேரில் பழுது பார்க்க ஒருமுறை விடுவது. இங்கே ஒன்றால் பயனில்லை, சராசரிதான் பேசும். ஒரு கிளை 10இல் 6 வெற்றி, மற்றது 2இல் 1. அடுத்து எந்தக் கிளையைப் பார்ப்பது என்று முடிவுசெய்யும் யுசிடி சூத்திரத்தில் மாறிலி √2 என்றால் முதலாவதற்கு 1.30, இரண்டாவதற்கு 2.08. குறைவாகப் பார்த்த கிளைக்கே அடுத்த வாய்ப்பு. ஆகவே எண்ணத்தக்க பெயர் வேண்டும்: 'ஆடிப்பார்ப்பு'.
– இ.

'10 வெள்ளோட்டத்தில் 6 வெற்றி' என்று எண்ண முடிகிறதே. 'பார்ப்பு' தொல்காப்பிய மரபியலில் பறவைக் குஞ்சு.
– மா.

'ஆடிப்பார்' என்பதில் பார் துணைவினை. குஞ்சு எங்கே வந்தது?
– இ.

2017இல் ஆல்ஃபாகோ ஜீரோ என்ற கோ நிரல் இந்தப் படியையே விட்டுவிட்டு, நரம்பு வலையமைப்பின் மதிப்பீட்டை மட்டும் எடுத்துக்கொண்டது. இதற்கு இவ்வளவு நேரமா? நான்காம் படியைப் பாருங்கள். அங்கே 'பின்பரவல்' என்று அச்சானால் நரம்பு வலையின் பிழைப் பரவலோடு மாணவர் குழப்பிக்கொள்வர். இதில் அந்த வலையைப் பயிற்றும் சரிவுக் கணக்கு எதுவுமில்லை. முடிவை வேர்வரை கூட்டிக்கொண்டு போவதுதான். மரத்தில் ஒவ்வொரு நிலைக்கும் ஆடும் தரப்பு மாறுவதால் குறியை மாற்ற வேண்டும். மறந்தால் நிரல் எதிராளிக்கு நல்ல நகர்வையே தேடிக் கொடுக்கும். 'மேலேற்றல்' போதும்.
– சு.

மேலேற்றலை ஏற்றுக்கொண்டேன். 2016இல் கோ வீரர் லீ செடோலை 4–1 என வென்ற ஆல்ஃபாகோ நிரலில் இந்த ஓட்டம் இருந்தது. அதை விளக்கச் சொல் இல்லாமல் முடியாது. நால்வர் சம்மதித்ததால் வெள்ளோட்டம் என்றே அனுப்புகிறேன்.
– க.

அடிக்குறிப்பிலாவது 'ஆடிப்பார்ப்பு' இருக்கட்டும். தேர் ஓடும்போது எதிராளி கிடையாது, இதில் உண்டு.
– இ.