பொருள்: கிட்டார் ‘இன்டோனேஷன்’ – தமிழில் என்ன சொல்ல?

அல்சூரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குகிறவர்களுக்கு ஒரு பரிசோதனை அட்டை தமிழில் தயாராகிறது. 1990-94 காலத்தில் ஜப்பானிலும் கொரியாவிலும் செய்த கிட்டார்கள் பெங்களூரில் இன்னமும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அட்டை அவற்றுக்குத்தான்.

பெரும்பாலான வரிகளுக்குச் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. வீணைக்காரர்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள்: ஃப்ரெட்டுக்கு மெட்டு, பிரிட்ஜுக்குக் குதிரை, நட்டுக்கு மேரு, நெக்குக்குத் தண்டி, ட்யூனிங் கீக்குப் பிரடை. குதிரையின் மேல் ஒவ்வொரு தந்தியையும் தாங்கி, முன்னும் பின்னும் நகரும் சின்னத் துண்டைச் சேணம் என்று எழுதியிருக்கிறேன். குதிரை இருக்கிற இடத்தில் சேணத்துக்கு விளக்கம் தேவைப்படாது.

இடிப்பது ‘இன்டோனேஷன்’ மட்டும். வரைவில் ‘சுருதிச் சீர்மை’ என்று போட்டிருக்கிறேன், மனதுக்கு ஒப்பவில்லை. சுருதி என்று படித்ததும் கை பிரடைக்குப் போய்விடும். வேலை நடக்க வேண்டியதோ சேணத்தில். திறந்த தந்தி (விரல் அழுத்தாத தந்தி) சுருதி சேர்ந்திருந்தும், 12-ஆம் மெட்டில் அழுத்தினால் மேல் ஸ்தாயி ஸ்வரம் சில சென்ட் கூடியோ குறைந்தோ பேசுகிறதே, அந்தக் கோளாறுக்கும் அது நீங்கிய நிலைக்கும் சொல் வேண்டும். (100 சென்ட் ஒரு அரை ஸ்வரம்.) யோசனை சொல்லுங்கள்.

ஜெயநகரிலிருந்து

வணக்கம் சார். சொல்லுக்கு முன்னால் காரணத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். காரணம் தெளிந்தால் சொல் பாதி கிடைத்த மாதிரி.

தந்தியை மெட்டில் அழுத்தும்போது அது கொஞ்சம் இழுபடுகிறது. இழுபட்டால் ஸ்வரம் ஏறும். அந்த ஏற்றத்தைச் சமன் செய்யத் தந்தியின் நீளத்தைக் கூட்ட வேண்டும். அதாவது சேணத்தைத் தண்டியை விட்டுப் பின்னால் தள்ள வேண்டும். மேருவிலிருந்து குதிரைவரை கணக்கு நீளம் 648 மி.மீ. உள்ள கிட்டாரில் 12-ஆம் மெட்டு மேருவிலிருந்து சரியாக 324 மி.மீ.யில் இருக்கும், ஆனால் சேணங்கள் 648-இல் நிற்காது. மெல்லிய முதல் தந்திக்கு ஒன்றிரண்டு மி.மீ., தடித்த ஆறாம் தந்திக்கு நாலைந்து மி.மீ. பின்னே போகும். நடுவில் ஒரு விஷயம் பலரைக் குழப்புகிறது. மூன்றாம் தந்தி சுற்றில்லாத வெறுங்கம்பி என்பதால், பக்கத்திலிருக்கும் நான்காம் தந்தியைவிட அதிகம் பின்னே போகும். ஆகவே சேணங்கள் ஒரே சரிவாக நிற்காது. மூன்று மூன்றாக இரண்டு சரிவுகள் தெரிந்தால் அதுதான் சரி.

கணக்கும் எளிது. 648 மி.மீ. நீளத்துக்குச் சேணம் 1 மி.மீ. நகர்ந்தால் 12-ஆம் மெட்டில் சுமார் 2.7 சென்ட் மாறும். ட்யூனர் (சுருதி காட்டும் கருவி) 8 சென்ட் கூடுதல் காட்டினால் 3 மி.மீ. பின்னே. கூடினால் பின்னே, குறைந்தால் முன்னே.

இங்கே இரண்டு பொருள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, மெட்டுகள் சரியான ஸ்வரம் பேசும் நிலை. இன்னொன்று, அதற்காகக் கூட்டிக் கொடுக்கும் நீளம். இரண்டாவதை நான் ‘ஈடுநீளம்’ என்பேன். இழுவையால் வரும் பிழைக்கு ஈடாகத் தரும் நீளம். முதலாவதற்கு ‘ஸ்வரத் துல்லியம்’ சரிப்படுமா?

மல்லேஸ்வரத்திலிருந்து

ஈடுநீளம் மிக நன்று தம்பி, அதை விட்டுவிடாதீர்கள். ஸ்வரத் துல்லியம் வேண்டாம். பாடுகிறவர், வயலின் வாசிக்கிறவர் எல்லோருக்கும் அது உண்டு. அவர்கள் பிசகினால் பிழை வாசிக்கிறவரிடம் இருக்கிறது. நாம் பேசுவது கருவியில் இருக்கும் பிழை.

வீணையில் இதற்கு நிகரான வேலைக்கு ‘மேளம் கட்டுதல்’ என்று பெயர். மெழுகில் கரித்தூள் கலந்து தண்டியின் மேல் படுகை அமைத்து, 24 மெட்டையும் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டுக் கேட்டு நிறுத்துவார்கள். நாளாகி மெழுகு தளர்ந்தால் மறுபடி மேளம் கட்ட வேண்டும். 1987-இல் வந்த இபானெஸ் ஆர்ஜி 550 கிட்டாருக்கும் மெட்டு 24தான். ஆனால் அவை மரத்தில் அறுத்த காடியில் அடித்து இறக்கியவை. இடம் மாற்ற வழியில்லை. வீணையில் மெட்டு நகரும், கிட்டாரில் சேணம் நகரும். நோக்கம் ஒன்றே: மெட்டும் தந்தியும் ஒத்துப்போக வேண்டும்.

‘மேளப் பொருத்தம்’ என்று சொல்ல ஆசைதான். ஆனால் வீணை தெரியாதவர் காதில் மேளம் என்றால் தவில் விழும், சங்கீதம் படித்தவர் காதில் 72 மேளகர்த்தா ராகங்கள் விழும். அதனால் என் யோசனை மெட்டிணக்கம். மெட்டு, இணக்கம், இரண்டும் வீட்டுச் சொற்கள். “மெட்டிணக்கம் கெட்டிருக்கு”, “மெட்டிணக்கம் பார்த்தாச்சா” என்று வாயில் இயல்பாக வருகிறது.

சிவாஜிநகரிலிருந்து

மெட்டு என்றால் பாட்டு மெட்டு என்றல்லவா முதலில் தோன்றும்? கடையில் பையனிடம் “மெட்டிணக்கம்” என்றால் ட்யூன் போடுவது என்று நினைத்துக்கொள்வான்.

இன்னொன்று. அந்தக் காலத்துக் கிட்டார்களில் 12-ஆம் மெட்டு தப்பாகப் பேசினால் பழி எப்போதும் சேணத்தின் மேல் விழுவதில்லை. மெட்டே தேய்ந்திருக்கும். மெட்டின் தலை வளைவாக இருக்கும்வரை தந்தி அதன் நடு உச்சியில் அமரும். முப்பது வருஷம் அழுத்தித் தலை தட்டையானால், தந்தி குதிரைப் பக்கத்து விளிம்பிலிருந்து அதிரத் தொடங்கும். அதிரும் நீளம் குறைந்து ஸ்வரம் கூடும். தட்டை 1.5 மி.மீ. அகலம் என்றால் தொடக்கம் 0.75 மி.மீ. முன்னே வந்துவிடும், 12-ஆம் மெட்டில் அது 4 சென்ட். சேணத்தை நகர்த்தி 12-ஐச் சரிசெய்தாலும் தேயாத மேல் மெட்டுகள் குறைந்து பேசும். அதற்கு மெட்டை அரத்தால் சமன் செய்து தலையை மறுபடி வளைவாக்க வேண்டும். உயரம் போதாவிட்டால் மெட்டையே மாற்ற வேண்டும்.

மேருவும் உண்டு. காடி ஆழம் போதாமல் தந்தி உயரத்தில் நின்றால் முதல் மூன்று மெட்டும் கூடிப் பேசும், 12-ஆம் மெட்டு யோக்கியமாக இருக்கும். தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்திக்கொண்டு முதல் மெட்டுக்கு மேலே பாருங்கள். மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் சேணத்தை எவ்வளவு நகர்த்தியும் பயனில்லை.

சொல் எதுவானாலும் இந்த மூன்றையும் தாங்க வேண்டும்.

மல்லேஸ்வரத்திலிருந்து

நீங்கள் சொன்ன மூன்றும் மெட்டிணக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கின்றன. கெடுப்பது சேணமா, மேருவா, தேய்ந்த தலையா என்பது காரணம். கெடுவது ஒன்றேதான். ஈடுநீளம் அந்த மூன்றில் சேணத்துக்கு மட்டும் உரியது. இரண்டு சொல் தனித்தனியாக வேண்டும் என்று ஜெயநகர் தம்பி சொன்னது இதனால்தான் சரி.

பாட்டு மெட்டு பற்றிய ஐயம் நியாயமானது. ஆனால் அட்டையில் அதற்கு மேல் வரியிலேயே ‘மெட்டுத் தேய்மானம்’ இருக்கிறது. பாட்டு மெட்டு தேயாது.

ஜெயநகரிலிருந்து

மெட்டிணக்கத்துக்கு என் ஒப்புதல். ஆனால் அட்டையில் அது எந்த இடத்தில் வருகிறது என்பதில் கறாராக இருங்கள் சார். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் மெட்டிணக்கம் பார்த்தால் மொத்த வேலையும் வீண்.

முதலில் புதுத் தந்தி. துருவும் அழுக்கும் ஏறிய தந்தியின் கனம் ஊடே ஊடே மாறுவதால் அதில் எந்த அளவும் நிற்காது. பிறகு தண்டி வளைவு: முதல் மெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி), கடைசி மெட்டில் விரல், 8-ஆம் மெட்டில் இடைவெளி 0.25 மி.மீ. அளவில். தண்டிக்குள் ஓடும், வளைவைச் சரிசெய்யும் கம்பியை ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. பெங்களூரில் மார்ச் மாதக் காற்று காய்ந்தது, ஜூன் வந்தால் ஈரம், தண்டி நகரும். இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஊகிக்காமல் இரண்டு பருவத்திலும் அளக்க வேண்டும். அடுத்தது தந்தி உயரம், 17-ஆம் மெட்டில் 1.6 மி.மீ. உயரம் கூடினால் இழுவை கூடும், ஈடுநீளமும் மாறும். கடைசியாக பிக்கப், அதாவது தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் காந்தம் தந்திக்கு மிக நெருங்கியிருந்தால் தடித்த தந்திகள் இரட்டைக் குரலில் நடுங்கும், ட்யூனர் முள் நிலைக்காது. தந்தியைக் கடைசி மெட்டில் அழுத்திக்கொண்டு ஆறாம் தந்திப் பக்கம் 2.4 மி.மீ., முதல் தந்திப் பக்கம் 2 மி.மீ. விடுங்கள்.

தந்திகளை இறுக்கிப் பூட்டிவிடும் பூட்டுக் குதிரை, அதாவது ஃப்ளாய்ட் ரோஸ் வகை, அந்தக் காலக் கிட்டார்களில் நிறைய. அதற்கு அட்டையில் தனி வரி கொடுங்கள். அங்கே சேணத்தை நகர்த்தும் திருகு கிடையாது, இறுக்கிப் பிடிக்கும் திருகுதான். தந்தியைத் தளர்த்தாமல் அதைக் கழற்றினால் இழுவிசையில் சேணம் முன்னே பாய்ந்துவிடும். ஒரு தந்தியைத் தளர்த்தினால் மிதக்கும் குதிரை சாய்ந்து மற்ற ஐந்தும் சுருதி விலகும். முதுகுப் பக்கக் குழியில், ஸ்பிரிங் கட்டிய இரும்புக்கும் மரத்துக்கும் நடுவே அளவான மரத்துண்டைச் செருகிக் குதிரையை அசையாமல் நிறுத்திவிட்டு ஆரம்பிக்க வேண்டும். மேருப் பூட்டும் திறந்திருக்க வேண்டும், நம் வீணை லங்கர் மாதிரி சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யக் குதிரையில் இருக்கும் நுண்திருகுகள் பாதியில் நிற்க வேண்டும்.

சாதாரணக் குதிரையில் துருதான் எதிரி. சேணத் திருகு அசையாவிட்டால் வலுவைக் காட்டக் கூடாது, தலை மழுங்கிவிடும். குதிரையைக் கழற்றி எடுத்து, துரு நீக்கும் எண்ணெயில் ஒரு இரவு விட்டு, துடைத்துவிட்டுத் திருகலாம். மரத்தின் மேல் வைத்தே எண்ணெய் விட்டால் மரம் உறிஞ்சிவிடும். பின்னே நகர இடமில்லாமல் ஸ்பிரிங் முட்டினால் ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டிவிடலாம்.

அல்சூரிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. ‘சுருதி’ என்ற சொல் அந்த வரியிலிருந்து முழுக்கப் போய்விட்டது, பிரடைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அட்டையின் 7-ஆம் வரி இப்போது இப்படி இருக்கிறது:

> 7. மெட்டிணக்கம். 1 முதல் 6 வரை முடித்த பிறகே. கிட்டாரை வாசிக்கும் நிலையில் மடியில் வைக்கவும். படுக்க வைத்துப் பார்க்க வேண்டாம். திறந்த தந்தியைச் சுருதி சேர்க்கவும். 12-ஆம் மெட்டுக்கு நேர்மேலே தந்தியை விரல் நுனியால் தொட்டு மீட்டி மணியொலியைப் பார்க்கவும். பிறகு அதே மெட்டில், வழக்கமாக வாசிக்கும் அழுத்தத்தில் அழுத்தி மீட்டவும். அழுத்திய ஸ்வரம் கூடினால் ஈடுநீளத்தைக் கூட்டவும், குறைந்தால் குறைக்கவும். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னும் மறுபடி சுருதி சேர்க்கவும். 2 சென்டுக்குள் வந்தால் போதும். 12 சரியாகி 1, 2, 3 கூடினால் மேருவைப் பார்க்கவும். 12 சரியாகி மேல் மெட்டுகள் குறைந்தால் 6-ஆம் வரிக்கு, மெட்டுத் தேய்மானத்துக்குத் திரும்பவும்.

பூட்டுக் குதிரைக்கான வரியை 8-ஆக இன்று இரவு அனுப்புகிறேன். சிவாஜிநகர் சார், மெட்டுத் தலையை வளைவாக்கும் அந்த அரத்துக்குக் கடையில் என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்?