பிரெஞ்சு நாவல்கள்: துப்பறியும் கதையா, சோதனை நாவலா, எதிலிருந்து தொடங்கலாம்?

கோத்தகிரி வாசகி:
நண்பர்களுக்கு வணக்கம். கோத்தகிரியில் நாங்கள் ஆறு பேர் மாதம் ஒரு நாவல் வாசித்துப் பேசி வருகிறோம். வெ. ஸ்ரீராம் மொழிபெயர்த்த, ஆல்பெர் கமுவின் பிரெஞ்சு நாவலான ‘அந்நியன்’ தந்த உற்சாகத்தில், 1950க்குப் பிந்தைய பிரெஞ்சு நாவல்களை ஆங்கிலம் வழியாகத் தொடர எண்ணியிருக்கிறோம். எங்களில் மூவருக்குத் துப்பறியும் கதைகளில் விருப்பம். மற்றவர்களுக்கு வடிவச் சோதனைகளில் ஆர்வம். இரு தரப்பினருக்கும் ஏற்ற நூல் எது?

குன்னூர் நண்பர்:
அம்மா, பிரான்சில் அந்த இரண்டுக்கும் இடையிலான வரப்பு அவ்வளவு உயரமானதன்று. அலென் ரோப்-கிரியே 1953இல் வெளியிட்ட ‘அழிரப்பர்கள்’ ஒரு கொலை விசாரணைதான். ஆனால் விசாரிக்க வந்தவரின் கைக்கடிகாரம் நின்றுபோகிறது. அவர் கடை கடையாக ஒரு குறிப்பிட்ட ரப்பரைத் தேடுகிறார். கொலையே நடந்திருக்கவில்லை என்பது வாசகருக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கதையோட்டம், பாத்திரம் போன்ற மரபுகளை உதறி 1950களில் பிரான்சில் எழுந்த ‘புதிய நாவல்’ இயக்கத்துக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை என்பது என் எண்ணம்.

உதகை வாசகர்:
இதில் நான் மாறுபடுகிறேன். அந்நூலை இருமுறை பாதியில் கைவிட்டவன் என்பதால், கூட்டு வாசிப்பை அதில் தொடங்கினால் பாதிப்பேர் விலகிவிடுவார்கள் என்று அஞ்சுகிறேன். திதியே தெனாங்க்ஸ் 1984இல் எழுதிய ‘நினைவுக்கான கொலைகள்’ நாவலை முதலில் எடுங்கள். 1961 அக்டோபர் 17 இரவு, பாரிசில் ஊர்வலம் சென்ற அல்ஜீரியர்களைக் காவல்துறை கொன்று குவித்தபோது ஒரு வரலாற்று ஆசிரியரும் சுடப்படுகிறார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் அவருடைய மகனும் கொல்லப்படுகிறார். அரசு பேச விரும்பாத ஒரு படுகொலையை, எவரும் வாங்கிப் படிக்கும் மலிவு விலைத் துப்பறியும் நாவல் பேசியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

கொடைக்கானல் ஆசிரியர்:
அடுத்த மாதத்துக்கு ழோர்ஜ் பெரெக்கின் ‘காணாமற்போதல்’ (1969). பிரெஞ்சில் மிகுதியாகப் புழங்கும் எழுத்து ரோமன் அரிச்சுவடியின் ஐந்தாம் எழுத்து. அது ஓரிடத்திலும் வராமல் முழு நாவலையும் எழுதினார். உதடு ஒட்டாமல் பாடும் நிரோட்டகத்தை அறிந்த நமக்கு இவ்வகைக் கட்டுப்பாடு புதிதன்று. ‘யாதனின் யாதனின் நீங்கியான்’ என்னும் குறளில் இதழ்கள் கூடுவதேயில்லை. ஆயினும் பெரெக்கிடம் அது திறமை காட்டும் வித்தையாக மட்டும் நின்றுவிடவில்லை. தந்தை 1940இல் போரில் இறந்தார். தாய் 1943இல் நாஜிகளின் வதைமுகாமான ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பவேயில்லை. அந்த எழுத்தின் பெயரோ பிரெஞ்சில் ‘அவர்கள்’ என்னும் சொல்லை ஒத்து ஒலிக்கும். கதையிலும் ஒருவர் காணாமற்போகிறார், நண்பர்கள் தேடுகிறார்கள். ஆகவே துப்பறியும் கதை விரும்புவோரும் ஏமாற மாட்டார்கள்.

கோத்தகிரி வாசகி:
மூவருக்கும் நன்றி. எழுத்தையே நீக்கி எழுதிய நூல் மொழிபெயர்ப்பில் என்னவாகும், ஐயா?

கொடைக்கானல் ஆசிரியர்:
கில்பர்ட் அடேர் ஆங்கிலத்திலும் அதே எழுத்தை முற்றிலும் தவிர்த்தே மொழிபெயர்த்திருக்கிறார், அம்மா. அதற்காகச் சில இடங்களில் மூலத்திலிருந்து விலகியும் செல்கிறார்.

கோத்தகிரி வாசகி:
அப்படியானால் இம்மாதம் தெனாங்க்ஸ், அடுத்தது பெரெக். ‘அழிரப்பர்கள்’ நாவலை அவ்விரண்டுக்கும் பிறகு வைத்துக்கொள்கிறோம். குன்னூர் நண்பர் அன்று கோத்தகிரிக்கு வந்து பேச இசைந்தால் மகிழ்வோம்.