புதுப்பிப்பு: நீலச்சாம்பல் ஜோடிக்குக் கறுப்புக் குஞ்சுகள் பொரிந்த காரணம்

நீலச்சாம்பல் நிறச் சேவலையும் அதே நிறப் பெட்டையையும் இணை சேர்த்தும், பொரிந்த 14 குஞ்சுகளில் 3 கறுப்பாகவும் 4 வெளிறியும் இருந்ததால், வேறு சேவல் கலந்துவிட்டதோ என்று முன்பு கேட்டிருந்தேன். எதுவும் கலக்கவில்லை, என் கணக்குதான் பிசகு. நீல மரபணு புதிதாக நீலத்தை உண்டாக்குவதில்லை, கறுப்பு நிறமியை நீர்க்கச் செய்கிறது. ஒரு பிரதி இருந்தால் நீலச்சாம்பல், இரண்டு இருந்தால் ஆங்காங்கே நீலப் புள்ளி தெறித்த வெண்மை, ஒன்றுமே இல்லாவிட்டால் கறுப்பு. ஆகவே நீலத்தோடு நீலம் சேரும்போது சராசரியாகப் பாதிக் குஞ்சுகளே நீலமாகும். மீதி, கறுப்புக்கும் தெறிப்புக்கும் கால் கால் பங்காகப் போய்விடும்.

அன்று அழுக்கு மஞ்சளாகத் தெரிந்ததால் நான் கழித்துவிட நினைத்த குஞ்சு ஒன்று, இறகு முளைத்ததும் மை உதறியதுபோன்ற தெறிப்புச் சேவலாகிவிட்டது. (நல்லவேளை, சோம்பல் அதைக் காப்பாற்றியது.) அதைக் கறுப்புப் பெட்டைகளோடு தனியே விட்டதில், பொரிந்த 11 குஞ்சுகளும் நீலம், இந்த இணையில் வேறு நிறத்துக்கு இடமே இல்லை.

சிவப்பு, பொன்னிற நிறமியை இம்மரபணு அவ்வளவாகத் தொடாது என்பதால், பேடுகள் இரண்டின் கழுத்தில் பொன்னிறம் எட்டிப்பார்க்கிறது. அவற்றை இனவிருத்திக்கு வைக்கப்போவதில்லை.