கைக்கு வர மறுக்கும் கிளியை வற்புறுத்தாமல் பழக்குவது எப்படி?

வெள்ளவத்தை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மரைன் டிரைவை அண்டிய தொடர்மாடி வீடொன்றில் வசிக்கிறோம். வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த உறவினர் ஒருவர், தாம் வளர்த்த பச்சைக்கன்னக் கொனூர் கிளியை எங்களிடம் ஒப்படைத்துச் சென்றிருக்கிறார். வயது இரண்டளவில் இருக்கும். கூட்டுக்கு வெளியே நின்று கதைத்தால் தலையைச் சாய்த்துக் கேட்கிறது. குக்கர் விசிலடித்தால் பதிலுக்குக் குரல் கொடுக்கிறது. ஆனால் தீன் கிண்ணத்தை மாற்றுவதற்குக் கையை உள்ளே விட்டவுடன் பின்மூலைக்கு ஒதுங்கி, இறகுகளை உடலோடு ஒட்ட இறுக்கி, கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேலும் கிட்டப் போனால் கடிக்கிறது; மகனின் விரலில் இரத்தம் வந்துவிட்டது. முந்தைய வீட்டில் துவாயால் மூடிப் பிடித்தே அதை வெளியே எடுத்தார்கள் என்று பிறகுதான் அறிந்தேன்.

தடித்த கையுறை அணிந்து பிடித்துத் தினமும் கையில் வைத்திருந்தால் இரண்டு கிழமையில் பணிந்துவிடும் என்று பறவைக் கடைக்காரர் கூறுகிறார். பசிக்க விட்டுப் பார், தானாக வரும் என்கிறார் மாமியார். இரண்டிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. நேர்மறை வலுவூட்டல், அதாவது விரும்பிய செயலுக்கு வெகுமதி கொடுத்துப் பழக்கும் முறை, நல்லது என்று வாசித்தேன். கிட்டவே வராத பறவைக்கு வெகுமதியை எப்படிக் கொடுப்பது?

கொட்டாஞ்சேனைக் கிளிப்பிரியர்:

சகோதரி, கையுறை யோசனையைத் தயவுசெய்து இன்றே கைவிட்டுவிடுங்கள். தப்ப வழியில்லாமல் பிடித்து அமுக்கப்படும் பறவை சில நாட்களில் அசையாதிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது பழகியதன் அடையாளமன்று, எதிர்த்துப் பயனில்லை என்று ஓய்ந்துபோன நிலை. காட்டில் கிளி மற்ற விலங்குகளுக்கு இரையாகும் உயிர் என்பதால், மேலிருந்து வேகமாக இறங்கும் எதையும் ஆபத்தாகவே கருதும். துவாயின் நினைவும் அதனுடன் சேர்ந்திருக்கிறது. கடிப்பதற்கு முன் அது ஒதுங்கியது, இறகை இறுக்கியது, கழுத்தை நீட்டியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று முறை ‘வேண்டாம்’ என்று சொல்லிப் பார்த்த பிறகே அது அலகைப் பயன்படுத்தியிருக்கிறது. முதலாவது ‘வேண்டாம்’ என்பதிலேயே நீங்கள் கையை எடுத்துவிட்டால், கடிக்க வேண்டிய தேவை அதற்கு எழாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கிண்ணத்தில் பலவகைத் தீனையும் இட்டு, எதை முதலில் பொறுக்குகிறது என்று சில நாட்கள் அவதானியுங்கள். பெரும்பாலும் சூரியகாந்தி விதையாகவோ தினைக்கதிராகவோ இருக்கும். மாதுளை முத்துக்காக மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிடும் கிளிகளும் உண்டு. அந்த ஒன்றைக் கிண்ணத்திலிருந்து நீக்கி, உங்களிடமிருந்து மட்டுமே கிடைக்கும்படி செய்யுங்கள். கூட்டைக் கடக்கும்போதெல்லாம் ‘சரி’ என்று ஒரே தொனியில் சொல்லி, வெளிப்புறமாகவே ஒரு விதையைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, நின்று பார்க்காமல் அப்பால் சென்றுவிடுங்கள். பிறகு, நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கும்போது அது அமைதியாக உண்கிறதோ, அங்கிருந்து சிறிது சிறிதாக நெருங்குங்கள். உண்ண மறுத்தால் நீங்கள்தான் பின்னுக்குச் செல்ல வேண்டும்.

உங்களைக் கண்டதும் கிண்ணத்தை நோக்கி அது நகரத் தொடங்கிய பின், ஒரு சாப்ஸ்டிக் குச்சியின் நுனியைக் கம்பிகளுக்கு வெளியே காட்டுங்கள். புதிய பொருளை அலகால் தொட்டுப் பார்ப்பது கிளியின் இயல்பு. அலகு குச்சியில் பட்ட அதே கணத்தில் ‘சரி’ என்று சொல்லி விதையைக் கொடுங்கள். கணம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு: விதை உங்கள் கையிலிருந்து அதன் அலகுக்குப் போய்ச் சேர்வதற்குள் பறவை திரும்பியோ இறகைக் கோதியோ இருக்கும், எந்தச் செயலுக்கு வெகுமதி என்பதை அந்தச் சொல் மட்டுமே அதற்குத் தெளிவாக்கும். தொடுவது உறுதியானதும் குச்சியை ஒரு விரற்கடை தள்ளிக் காட்டுங்கள், ஓரடி எடுத்து வைக்கும். அப்படியே கதவு வரைக்கும், கதவிலிருந்து வெளியேயுள்ள இருக்கைத் தண்டு வரைக்கும் அழைத்து வரலாம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். ஆர்வம் குறையுமுன் நிறுத்துங்கள். வெளியே வரும் நாளில் மின்விசிறியை நிறுத்தி, யன்னல்களைச் சாத்தியிருக்க வேண்டும்.

தெஹிவளை வாசகர்:

மேலே கூறப்பட்டதை முழுமையாக ஆமோதிக்கிறேன். உங்கள் மாமியாரின் கருத்திலும் சிறிது உண்மை உண்டு. வயிறு நிறைந்த பறவை வெகுமதியைத் திரும்பியும் பார்க்காது. ஆனால் பச்சைக்கன்னக் கொனூரின் எடையே ஏறக்குறைய 60 முதல் 80 கிராம் வரைதான். இவ்வளவு சிறிய உடலைப் பட்டினி போடுவது ஆபத்து. காலைத் தீனுக்குச் சற்று முன் பயிற்சியை வைத்துக்கொண்டாலே போதிய நாட்டம் இருக்கும். கிராம் கணக்கில் காட்டும் சமையலறைத் தராசு ஒன்றை வைத்திருந்து எடையைக் குறித்து வாருங்கள். குறைந்துகொண்டு போனால் பயிற்சியை விட்டு மிருக வைத்தியரிடம் காட்டுங்கள்.

கச்சானை வெகுமதியாகக் கொடுக்காதிருப்பது நல்லது. கொழும்பின் ஈரப்பதத்தில் அதில் எளிதில் பூஞ்சணம் பிடிக்கும், அந்தப் பூஞ்சணத்தின் நஞ்சு கிளியின் ஈரலைப் பாதிக்கும். ஆனைக்கொய்யாவும் சொக்கலேட்டும் கிளிக்கு நஞ்சு என்பதை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

வெகுமதி என்றால் தீன் மட்டுமே என்றில்லை. 1977 முதல் 2007 வரை ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் பயிற்றுவித்த அலெக்ஸ் என்ற ஆபிரிக்கச் சாம்பல் கிளிக்கு, ஒரு பொருளின் பெயரைச் சரியாகச் சொன்னால் அந்தப் பொருளே கொடுக்கப்பட்டது. கதைத்தால் தலையைச் சாய்த்துக் கேட்கும் உங்கள் கிளிக்கு மனிதக் குரல் பிடித்திருக்கிறது என்றே நினைக்கிறேன். மென்மையாக ஒலி எழுப்பும்போது உடனே பதில் சொல்லுங்கள். வீறிட்டுக் கத்தும்போது ஓடிச் சென்று அதட்டினால், கத்தினால் ஆள் வரும் என்பதையே அது கற்றுக்கொள்ளும்.

வெள்ளவத்தை வாசகி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன முறையையே பின்பற்றி வருகிறேன். இப்போது குச்சியைத் தொடர்ந்து கதவின் விளிம்பு வரைக்கும் தயக்கமின்றி வருகிறது. ஆனால் என் கை அருகில் தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுகிறது. நகம் வெட்ட நேர்ந்தால் துவாயின்றி என்ன செய்வது என்ற கவலையும் இருக்கிறது.

கொட்டாஞ்சேனைக் கிளிப்பிரியர்:

மிகவும் நல்ல முன்னேற்றம், சகோதரி. கையை அதனிடம் கொண்டு போகாதீர்கள். அது வரும் பாதையில் முன்கூட்டியே வைத்துவிட்டு அசையாதிருங்கள். மணிக்கட்டை மேசையில் ஊன்றி, கையின் மறுபுறத்தில் குச்சியைக் காட்டினால், குச்சியை அடைவதற்குக் கையைத் தாண்ட வேண்டியிருக்கும். கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாலே ஒரு விதை கொடுங்கள். ஒரு கால் பட்டால் இன்னொன்று. ஏறியதும் தூக்கிவிடாமல், அது இறங்கிப் போக விரும்பினால் விட்டுவிடுங்கள்; எப்போதும் இறங்கலாம் என்று தெரிந்த பறவைதான் மறுபடியும் ஏறும்.

துவாயையும் இதே முறையில் பழக்கலாம். மடித்த துவாயைக் கூட்டுக்கு எட்டத்தில் விரித்து வைத்து, அதைப் பார்த்துக்கொண்டே உண்ணப் பழகிய பின் அதன்மேல் விதைகளைத் தூவுங்கள். பழைய வீட்டில் பயன்படுத்திய நிறத்தில் இல்லாத துவாயாகத் தெரிவு செய்யுங்கள். அதற்கிடையில் நகம் மிக நீண்டிருந்தால் மிருக வைத்தியரே வெட்டட்டும். வீட்டில் யாரும் பிடிக்க வேண்டாம்.