மறு: ‘அன்ரிமைக்ரோபியல்’ – எதிர்ப்பா, கொல்லியா, அடக்கியா?

வணக்கம் ஐயா,

மண்புழுக் கட்டுரையில் வரும் ‘அன்ரிமைக்ரோபியல்’ (antimicrobial, நுண்ணுயிர்களைக் கொல்லும் அல்லது பெருகவிடாத) என்பதற்குத் தமிழில் ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ போதுமே, புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். போதாது ஐயா.

போன கார்த்திகையில் மட்டக்களப்பில் ஒரு சுவரில் பார்த்தேன்: ‘நுண்ணுயிர் எதிர்ப்பைத் தடுப்போம்’. நவம்பர் 18 முதல் 24 வரை உலக சுகாதார நிறுவனம் நடத்தும் வாரத்துக்கான சுவரொட்டி. நாலு அடி தள்ளிச் சவர்க்கார விளம்பரம்: ‘நுண்ணுயிர் எதிர்ப்பு ஆற்றல் கொண்டது’. கூட வந்த மாணவி இரண்டையும் வாசித்துவிட்டு, “மறுகா ஏன் ரீச்சர் அந்தச் சவுக்காரத்த விக்க விடுறாங்க?” என்றாள்.

அவள் பிழையில்லை. முதலாவது நுண்ணுயிரின் எதிர்ப்பு, மருந்துக்கு மசியாமை. இரண்டாவது நுண்ணுயிரை எதிர்த்தல். ‘இன்’, ‘ஐ’ என்ற வேற்றுமை உருபுகள் மறைந்துபோனால் இரண்டும் ஒரே சொல். இலக்கணம் தெரிந்தவர் விரித்துக்கொள்வார். மருந்துச்சீட்டோடு நிற்பவர் என்ன செய்வார்?

‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். இலங்கைப் பாடநூல்களில் அது அன்ரிபயோற்றிக் (antibiotic) மருந்துக்குப் போய்விட்டது. அதை விட்டாலும், மண்புழுவுக்கு அந்தச் சொல் ஒட்டாது. வீட்டில் சாணத் தொட்டியில் புழு வளர்க்கிறேன். ஐசீனியா ஃபெட்டிடா என்ற இனம், பெயரின் பின்பாதிக்கு லத்தீனில் ‘நாறுவது’ என்று பொருள். ஈர்க்கால் மெல்லச் சீண்டினால் வளையங்களுக்கு இடையிலுள்ள முதுகுத் துளைகளால் மஞ்சளாய்க் கசியும். விரலில் பட்டால் சவர்க்காரம் போட்டாலும் மணம் லேசில் போகாது. அதுதான் உடற்குழித் திரவம். எங்கள் இரத்தத்தில் கிருமியை எதிர்க்கிற பிறபொருளெதிரி (antibody) ஒன்றுகூட இல்லாத உயிர் பற்றீரியாக் கூழுக்குள் கிடந்தும் அழுகாமல் இருக்கிறதென்றால், இந்தத் திரவத்துக்கு அதில் பெரும்பங்கு.

அதற்குள் பல கைகள். லைசோசைம் என்ற நொதியம் பற்றீரியாவின் சுவரை வெட்டும். எங்கள் கண்ணீரிலும் இருப்பது. லைசெனின் என்ற புரதம் வேறு சாதி: ஒன்பது மூலக்கூறுகள் வளையமாகக் கூடி மென்சவ்வில் துளை போடும், ஆனால் ஸ்பிங்கோமைலின் என்ற கொழுப்பு இருக்கும் சவ்வில்தான். அது பற்றீரியாவில் பொதுவாக இல்லை, எங்கள் இரத்தச் செங்குழியத்தில் உண்டு! இன்னொரு மண்புழுவில், லும்பிரிக்கஸ் ருபெல்லஸில், 1998இல் கொரிய ஆய்வாளர்கள் பிரித்த லும்பிரிசின் 62 அமினோ அமிலம் கொண்ட பெப்ரைட்டு (peptide, குட்டிப் புரதம்). பற்றீரியாவையும் பூஞ்சையையும் தாக்கியது, செங்குழியத்தைச் சிதைக்கவில்லை. சில பொருள் கொல்லும், சில பெருக்கத்தை மட்டும் நிறுத்தும், சில ஆளையே மாறித் தாக்கும். எல்லாவற்றுக்கும் ‘கொல்லி’ என்று பெயர் வைத்தால், மண்புழுவை அரைத்துக் குடிக்கலாமா என்று கேட்டு நாளைக்கே ஒருவர் வருவார்.

என் பரிந்துரை: நுண்ணங்கியடக்கி. இங்கே அங்கி என்றால் உயிரி. பண்பாகச் சொல்ல, நுண்ணங்கியடக்கு இயல்பு.

~~~

அம்மா, வணக்கம். இரண்டு வேற்றுமையும் மோதும் இடத்தைப் பிடித்தீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கள் கோவைப் பக்கம் அங்கி என்றால் மேற்சட்டை. நுண்ணங்கி என்றால் மல் துணியா என்பார்கள். அடுத்தது, ‘அடக்கி’யில் கொல்வது வருமா?

~~~

ஐயா, மல் துணி நல்லாயிருக்கு, சிரித்துவிட்டேன். சரி, அங்கியைக் கழற்றிவிடுவோம். நுண்ணுயிரடக்கி. எங்கள் காரைதீவில் பிறந்த தமிழறிஞர் விபுலானந்த அடிகள்தானே 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். கடலின் இரண்டு கரைக்கும் ஒரே சொல் இருந்தால் நல்லதுதான். நான் ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தால் குறைந்துபோக மாட்டேன்.

‘அடக்கி’ பற்றி: காளையை அடக்கினான் என்றால் காளை உயிரோடு நிற்கிறது. கிளர்ச்சியை அடக்கினார்கள் என்றால் எத்தனை பேர் செத்தார்கள் என்று அந்தச் சொல் சொல்லாது. இந்த மண்ணில் இருக்கிற எங்களுக்கு அது விளக்கத் தேவையில்லை. இரண்டுக்கும் இடம் விடுகிற சொல் என்பதால்தான் அதைப் பிடித்தேன்.

மருந்துக்கு மசியாத கிருமியின் குணத்துக்கு ‘மருந்தெதிர்ப்பு’ என்று வைத்துக்கொண்டால் சுவரொட்டியும் குழப்பத்திலிருந்து தப்பும். அடுத்த கிழமை உயர்தர வகுப்புக் குறிப்பில் ‘நுண்ணுயிரடக்கிப் பெப்ரைட்டு’ என்றே அச்சிடப் போகிறேன். பெப்ரைட்டா பெப்டைடா என்ற சண்டைக்குத் தனி இழை திறவுங்கள், வருகிறேன்.